பயிற்சிக்கான அம்பு இலக்கு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கங்களில் வில் பழகத் தொடங்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வில்லுக்கும் அம்புக்கும் பல நாள் யோசித்துச் செலவு செய்பவர்கள், அந்த அம்பு போய்த் தைக்கும் இலக்கை மட்டும் கடைசியில் கையில் மிஞ்சிய காசுக்கு வாங்கிவிடுகிறார்கள். அது ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாண்டுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தைகளை இயன்றவரை அப்படியே வைத்து, எளிய கேள்விகளில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இலக்கு என்றால் வண்ண வட்டம் போட்ட தாள்தானே? அதற்கு ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?

வண்ண வட்டங்கள் அச்சிட்ட தாள் இலக்கின் முகம் மட்டுமே. மஞ்சளுக்கு 10, 9, சிவப்புக்கு 8, 7, நீலத்துக்கு 6, 5, கறுப்புக்கு 4, 3, வெள்ளைக்கு 2, 1 என்று புள்ளிகளைக் காட்டுவது அதன் வேலை; கிழிந்தால் மாற்றிவிடலாம். அம்பைத் தாங்கி நிறுத்துவது அதன் பின்னால் இருக்கும் தடித்த திண்டு. இந்தப் பக்கத்தில் பேசப்படுவது பெரும்பாலும் அந்தத் திண்டைப் பற்றித்தான்.

நல்ல திண்டுக்கு மூன்று குணங்கள் வேண்டும். அம்பை நிறுத்த வேண்டும். பிடுங்கும்போது முரண்டு பிடிக்காமல் விட வேண்டும். அம்பு வெளியே வந்ததும் துளை தானாக மூடிக்கொள்ள வேண்டும். வாங்குபவர்கள் முதல் குணத்தை மட்டுமே பார்க்கிறார்கள். என் கணிப்பில், புதிதாகப் பழகுபவருக்கு இரண்டாவது குணமே மிக முக்கியமானது. ஏனென்றால் பிள்ளைகளின் அம்புகளில் பல, எய்யும்போது அல்ல, பிடுங்கும்போதுதான் வளைகின்றன.

எந்த அளவில் வாங்க வேண்டும்? சின்னதாக இருந்தால் குறி கூர்மையாகும் என்கிறார்களே?

சிறிய திண்டு குறியைக் கூர்மையாக்காது; அம்புகளைத் தொலைக்கத்தான் வைக்கும். குறியின் கூர்மைக்குச் சிறிய தாள் போதும். அதைத் தாங்கும் திண்டு பெரிதாகவே இருக்கலாம். உங்களுடைய நல்ல அம்பு எங்கே தைக்கிறது என்பதை வைத்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். மிக மோசமாக விலகிப் போகும் அம்பும் திண்டுக்குள் நிற்க வேண்டும்.

போட்டிகளில் ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வில்லுக்கு 70 மீட்டரில் 122 செ.மீ. விட்டமுள்ள தாள், காம்பவுண்ட் (முனைகளில் கப்பிச் சக்கரம் பூட்டிய) வில்லுக்கு 50 மீட்டரில் 80 செ.மீ. தாள், உள்ளரங்கில் 18 மீட்டருக்கு 40 செ.மீ. தாள் பயன்படுகின்றன. மூங்கில் வில்லைக் கொண்டு ஆடும் இந்தியன் ரவுண்டில் நெடுங்காலமாக 50, 30 மீட்டர் தொலைவுகளும் 122 செ.மீ. தாளும் வழக்கத்தில் இருக்கின்றன. வீட்டுத் தோப்பில் 10 முதல் 18 மீட்டர் வரை பழகும் ஒருவருக்கு 90 செ.மீ. சதுரத் திண்டு பொருத்தமானது. 60 செ.மீ. சதுரத்தில் நிற்கலாம் என்றால், அதற்கு முன் சில மாதங்கள் அம்பு ஒன்றுகூட வெளியே போகாமல் எய்திருக்க வேண்டும்.

சந்தையில் என்னென்ன வகைகள் இருக்கின்றன?

வைக்கோலைப் பிரியாகத் திரித்து வட்டமாகச் சுருட்டித் தைத்தவை, ஃபோம் பலகையாக ஒரே கட்டியாக வருபவை, ஃபோம் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியவை, துணியோ பிளாஸ்டிக் நாரோ அடைத்த மூட்டை வகை, விலங்கு வடிவத்தில் வார்த்தவை என்று ஐந்து வகைகளைச் சொல்லலாம். கடைசி வகை தனிப்பட்ட ஒரு போட்டி முறைக்கானது, தொடங்குபவருக்குத் தேவையில்லை.

இந்த மாவட்டத்தில், எடுத்துப் போய்வர வேண்டிய ஒருவருக்கு நான் சொல்வது அடுக்கிய பட்டை வகையைத்தான். காரணங்கள் கீழே ஒவ்வொரு கேள்வியிலும் வரும்.

எங்கள் வீட்டில் வைக்கோல் படப்பே இருக்கிறது. அதில் எய்தால் ஆகாதா?

படப்பில் நேராக எய்யக் கூடாது. தளர்ந்த வைக்கோலில் அம்பு எவ்வளவு ஆழம் போகும் என்று சொல்ல முடியாது. முழுவதும் மறைந்து போன அம்பு பிறகு மாட்டின் தீவனத்தில் கலந்தால் அதன் விளைவு கொடியது. வைக்கோலைத் திண்டாக்க வேண்டுமென்றால், கெட்டியான பிரியாகத் திரித்து, தட்டையாகச் சுருட்டி, சுற்றுக்குச் சுற்று சாக்கு ஊசியால் இழுத்துத் தைக்க வேண்டும். பெருவிரலை அழுத்தினால் நகம் வரைகூட உள்ளே இறங்கக் கூடாது. அந்த இறுக்கம் வந்தால்தான் அது திண்டு.

எந்த வைக்கோல் என்பதும் முக்கியம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை மழைக்கு அருகில் வருவதால் அந்த வைக்கோல் பெரும்பாலும் ஈரம் பட்டிருக்கும். மாசி, பங்குனியில் அறுக்கும் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வைக்கோல் நன்றாகக் காய்ந்து கிடைக்கும். அறுவடை இயந்திரத்தில் வெளியே வரும் வைக்கோல் நொறுங்கித் துண்டுதுண்டாக இருக்கும், அதில் பிரி நிற்காது. கையால் அடித்த நீளமான வைக்கோலே வேண்டும், அதை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவும் கூடிவந்தால் வைக்கோல் திண்டு அம்புக்கு மிக நல்லது. சூடேறாது, ஒட்டாது, எளிதில் விடும். ஆனால் 122 செ.மீ. வைக்கோல் திண்டை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். ஒரே இடத்தில் கூரைக்குக் கீழே நிலையாக வைப்பவருக்கு அது. பைக்கில் கொண்டுபோகிறவருக்கு அல்ல.

வாழைத்தடையை அடுக்கி வைத்துப் பழகலாமா? தென்னை மரத்தில் தாளை ஒட்டினால் என்ன?

குலை வெட்டிய வாழைத்தடை மென்மையானது, கைச்செலவில்லாதது, லேசான மூங்கில் வில்லுக்குச் சில நாட்கள் தாங்கும். அதற்குள் அழுகி நாற்றமெடுக்கும். வாழைக்கறை அம்பின் தண்டிலும் இறகிலும் படிந்தால் எளிதில் போகாது. மூங்கில் அம்பு அந்த ஈரத்தை உறிஞ்சி வளையும். அவசரத்துக்கு ஆகும், வழக்கமாக்கக் கூடாது.

தென்னை மரத்தில் எய்யவே கூடாது. கடினமான தண்டில் பட்ட அம்பு முறியும், அல்லது எகிறித் திரும்பி வரும். மரத்துக்கும் கேடு: காயம் பட்ட இடத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வரும். காய்த்துக்கொண்டிருக்கும் ஒரு தென்னையின் விலையோடு ஒப்பிட்டால் எந்தத் திண்டும் மலிவு. பழைய லாரி டயர், சுவர், ரப்பர் மரம் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

தெர்மாகோல் பெட்டியும் பழைய சோபா ஸ்பாஞ்சும் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டலாமா?

தெர்மாகோல் மணிமணியாக உதிரும். ஒரே இடத்தில் சில அம்புகள் பட்டதும் ஓட்டையாகும். உதிர்ந்த மணிகள் வாய்க்காலுக்கும் வயலுக்கும் போகும். சோபா ஸ்பாஞ்சு அம்பைத் தடுக்கவே தடுக்காது. அதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்து கிடப்பதால், காற்றை வெளியே தள்ளிவிட்டு அமுங்கிவிடும்; நீரையும் குடிக்கும்.

திண்டுக்கு வேண்டியது மூடிய அறைகளைக் கொண்ட பாலிஎத்திலீன் அல்லது இ.வி.ஏ. ஃபோம். கடையில் சோதிப்பது எளிது. ஒரு துண்டை வாங்கித் தண்ணீரில் அமிழ்த்திப் பிழியுங்கள்: நீர் சொட்டினால் அது ஸ்பாஞ்சு, மேற்பரப்பு மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்திருந்தால் நமக்கு வேண்டிய ஃபோம். பிறகு பெருவிரலால் அழுத்திவிட்டுப் பாருங்கள். பள்ளம் உடனே மேலே எழும்பி வர வேண்டும். அப்படியே நின்றால் அம்புத் துளையும் அப்படியே நிற்கும்.

என் வில் 24 பவுண்டுதான். எவ்வளவு தடிமன் போதும்?

பவுண்டு என்பது நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையின் அளவு. 30 பவுண்டு வரையுள்ள ரிகர்வ் வில்லுக்கும் மூங்கில் வில்லுக்கும் நன்கு இறுக்கிய 15 செ.மீ. போதும், 40 பவுண்டை ஒட்டி வந்தால் 20 செ.மீ. வேண்டும். ஆனாலும் பிள்ளைகள் வளர்வார்கள், வில்லும் மாறும். ஆகவே முதலிலேயே 20 செ.மீ. வாங்குவது சிக்கனம். இறுக்கம் இல்லாத 30 செ.மீ. திண்டை விட இறுக்கமான 20 செ.மீ. திண்டு நன்றாக நிறுத்தும்.

அண்ணன் காம்பவுண்ட் வில் வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே இலக்கில் எய்யலாமா?

எய்யலாம், ஆனால் திண்டை அண்ணனின் வில்லுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்பின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், வில்லின் பவுண்டை மட்டும் பார்த்தால் வேறுபாடு புரியாது. ஒரு கணக்கைப் பாருங்கள்: 20 கிராம் அம்பு வினாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 30 ஜூல்; 22 கிராம் அம்பு 85 மீட்டர் வேகத்தில் வந்தால் சுமார் 79 ஜூல். முதலாவது ஒரு சாதாரண ரிகர்வ், இரண்டாவது ஒரு காம்பவுண்ட். இரண்டாவதற்கு 25 முதல் 30 செ.மீ. வரை இறுக்கமான பட்டை அடுக்கு வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காம்பவுண்டுக்கென்று மிக அடர்த்தியாகச் செய்த திண்டில், லேசான வில்லின் அம்பு முனை மட்டும் தைத்துத் தொங்கும், சில சமயம் விழுந்துவிடும். தொங்கும் அம்பை அடுத்த அம்பு முறிக்கும். பட்டை அடுக்கில் இதற்கு வழி இருக்கிறது: அண்ணன் எய்யும் பகுதியில் அடர்ந்த பட்டைகளையும், தம்பியோ தங்கையோ எய்யும் பகுதியில் மென்மையான பட்டைகளையும் வைத்து அடுக்கிக்கொள்ளலாம். தாள்களையும் அதற்கேற்பத் தனித்தனியே ஒட்ட வேண்டும்.

பட்டை அடுக்கு என்று சொல்கிறீர்களே, அது எப்படி இருக்கும்? நாமே செய்ய முடியுமா?

செய்யலாம்; மெத்தை, பேக்கிங் ஃபோம் விற்கும் கடையில் சொன்னால் வெட்டித் தருவார்கள். 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமனில் 40 பட்டைகள் வேண்டும். அவற்றைப் படுக்கவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 100 செ.மீ. உயரம் வரும். மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பலகை வைத்து, லாரியில் சுமை கட்டும் ராட்செட் பெல்ட் இரண்டைச் சுற்றி, 90 செ.மீ. ஆகும் வரை இறுக்க வேண்டும். அந்தப் பத்து செ.மீ. அமுக்கத்தில்தான் திண்டின் உயிர் இருக்கிறது. பலகைகளின் முன் விளிம்பில் ஒரு துண்டு ஃபோம் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் தாழ்ந்து வரும் அம்பு மரத்தில் பட்டு முறியும்.

அம்பு பட்டைகளைக் குத்திக் கிழிப்பதில்லை. இரண்டு பட்டைகளுக்கு இடையே புகுந்து, இருபுற உராய்வால் நிற்கிறது. கட்டியாக வரும் ஃபோம் பலகையில் ஒவ்வொரு அம்பும் புதிதாக ஓர் ஓட்டை போடுகிறது. இதில் அப்படி இல்லை. நீடித்து உழைப்பதற்கு இதுவே காரணம். பெல்ட் நாளடைவில் தளரும். எய்யத் தொடங்குமுன் இரண்டு பட்டைகளுக்கு நடுவே விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் நுழைந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

பைக்கில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு எடை இருக்கும்?

மேலே சொன்ன 40 பட்டைகளின் கன அளவு 0.18 கனமீட்டர். கனமீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் என்றால் எடை 5.4 கிலோ; 60 கிலோ அடர்த்தி என்றால் 10.8 கிலோ. பலகையும் பெல்ட்டும் தனி. எடையை விட உருவமே தொல்லை தரும். 90 செ.மீ. சதுரக் கட்டியைப் பைக்கின் பின்னால் குறுக்கே கட்டினால் காற்று பிடித்துத் தள்ளும். மினி பஸ்ஸின் படியிலும் ஏறாது.

பட்டை அடுக்கைப் பெல்ட்டைக் கழற்றி இருபது இருபதாக இரண்டு கட்டாக்கிவிடலாம். ஒவ்வொரு கட்டும் 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். ஆட்டோவின் பின்னிருக்கையில் நிறுத்திவைக்கலாம். பைக்கில் பின்னால் இருப்பவர் ஒன்றை மடியில் வைத்துக்கொள்ளலாம். மைதானத்தில் மறுபடி அடுக்கி இறுக்கப் பத்து நிமிடம் ஆகும். வாரத்தில் ஐந்து நாள் தூக்கிப் போகிறவருக்கு இந்தப் பத்து நிமிடம் சலிப்பூட்டும் என்றால், 60 செ.மீ. கட்டியாக இன்னொன்று வாங்கி, தொலைவைக் குறைத்துப் பழகுவது மேல்.

மூட்டை வகை மலிவாக இருக்கிறது. உரச்சாக்கில் பழந்துணி அடைத்தால் அதுதானே?

அடிப்படையில் அதுதான். துணியை நன்றாகத் திணித்துத் தைத்த மூட்டையில் அம்பை இரண்டு விரலால் பிடுங்கலாம். காம்பவுண்ட் அம்புக்கும் அது மிக இசைவானது. அடைக்கும் துணியில் பொத்தான், ஜிப், கொக்கி எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து வெட்டி எடுத்த பிறகே அடைக்க வேண்டும். ஓர் உலோகப் பொத்தானில் முனை பட்டால் கார்பன் தண்டு முன்புறத்தில் பிளக்கும், அந்தப் பிளவு கண்ணுக்கே தெரியாது.

குறைகள் மூன்று. 60 செ.மீ. மூட்டையே பதினைந்து, இருபது கிலோ வந்துவிடும். துணி நாளாக ஆகக் கீழே இறங்கி, மேல்பாதி வெறும் சாக்காகும். அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிக் குலுக்க வேண்டும். மழையில் ஒருமுறை முழுதாக நனைந்தால் நம் ஊர் ஈரக்காற்றில் அது உள்ளே காய்வதே இல்லை. வராந்தாவில் தொங்கவிட்டுப் பழகுகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். திறந்தவெளிக்குச் சொல்ல மாட்டேன்.

தென்னை நார் நம் ஊரில் மலிந்து கிடக்கிறதே, அதை அடைக்கக் கூடாதா?

நார் துள்ளும் தன்மை உடையது. அடைக்கும்போது இறுகியதுபோலத் தோன்றி, பிறகு நெகிழும். அதில் ஒட்டியிருக்கும் மணலும் சோற்றுத் தூளும் (மட்டையிலிருந்து உதிரும் துகள்) கார்பன் தண்டை உரசித் தேய்க்கும். நாரைக் கயிறாகத் திரித்து வைக்கோல் திண்டைத் தைக்கவும் திண்டைக் கட்டவும் பயன்படுத்துங்கள். அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

அம்பு வெளியே வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஃபோமில் வேகமாகப் புகும் அம்பு உராய்வால் சூடேறி, தொட்ட இடத்தை லேசாக உருக்குகிறது. அது ஆறும்போது தண்டைப் பற்றிக்கொள்கிறது. தண்டில் கருமையாகவோ வெண்மையாகவோ பிசுக்குப் படிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஈரத்துணியால் துடையுங்கள், போகாவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பிளேடால் சுரண்டக் கூடாது. பிறகு உலர்ந்த குளியல் சோப்பைத் தண்டின் முன்பாதியில் மெல்லியதாகத் தேய்த்துவிட்டால் அடுத்த அம்புகள் எளிதாக வரும்.

பிடுங்கும் முறையும் இருக்கிறது. பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பாருங்கள். பிடுங்கும் அம்பின் பின்முனை கண்ணுக்கு நேரே போனால் கண் போகும். ஒரு கையை விரித்துத் திண்டின் மேல், அம்பை ஒட்டி அழுத்துங்கள். மறுகையால் தண்டைத் திண்டுக்கு மிக அருகில் பிடித்து, மெல்லத் திருகியபடி, அம்பு போன திசைக்கு நேர் எதிராக இழுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் அலுமினியத் தண்டு வளையும், கார்பன் தண்டு கீறும். பிடி வழுக்கினால் ஒரு துண்டு ரப்பர் ஷீட்டைச் சுற்றிப் பிடிக்கலாம். குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்குப் பஞ்சமில்லை.

அம்பு வந்துவிட்டது, முனை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. இலக்கின் குறையா, அம்பின் குறையா?

இரண்டுமாக இருக்கலாம். முன் பதிலில் சொன்ன சூடு, முனையை ஒட்டிய பசையை இளக்கும். முனையின் விட்டம் தண்டை விடப் பெரிதாக இருந்தால், பிடுங்கும்போது அதன் தோள் ஃபோமில் மாட்டும். மூங்கில் அம்புகளில் இது மிகுதி. முனையும் தண்டும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறக் கூடாது. பிடுங்கிய உடன் மீண்டும் எய்யாமல் தண்டு ஆறட்டும்.

உள்ளே தங்கிய முனையை அன்றே எடுத்துவிட வேண்டும். அடுத்த அம்பு அதன்மேல் பட்டால் இரண்டாவது அம்பும் போகும். பட்டை அடுக்காக இருந்தால் பெல்ட்டைத் தளர்த்திப் பட்டையைப் பிரித்ததும் கையில் வந்துவிடும். கட்டித் திண்டில் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நமக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. இலக்கை எப்படிப் பாதுகாப்பது?

தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. அதனால் வேறு ஊர்களில் எழுதப்பட்ட பராமரிப்புக் குறிப்புகள் இங்கே போதாது. மூடிய அறை ஃபோமுக்கு மழையால் பெரிய கேடில்லை. அதற்கு எதிரி வெயில். நாள் முழுக்க வெயிலில் நின்றால் மேற்பரப்பு பொடியாக உதிரத் தொடங்கும். எய்து முடித்ததும் நிழலுக்குக் கொண்டுபோங்கள், அல்லது தடித்த தார்ப்பாயால் மூடுங்கள்.

வைக்கோலுக்கும் துணி மூட்டைக்கும் எதிர்மாறு. அவற்றை பிளாஸ்டிக்கால் முழுதாகச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் கூரைபோல மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விடுங்கள். எந்த வகையானாலும் நேரடியாக மண்ணில் வைக்கக் கூடாது: இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள், இல்லையென்றால் சிதல் ஏறிவிடும். சில நாள் தொடாமல் கிடந்த வைக்கோல் திண்டின் பின்புறத்தில் கையை வைக்கும் முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். எலி அடையும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

எங்கள் வீடு கடற்கரை. ஸ்டாண்டு இரும்பில் வாங்கலாமா, மரத்தில் செய்யலாமா?

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பு நட்டையும் போல்ட்டையும் விரைவில் தின்றுவிடும். கால்கள் மடங்கும் இடத்தில் துரு பிடித்தால் மடக்க முடியாது. இரும்பு என்றால் துத்தநாகம் பூசியது, போல்ட் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ராட்செட் பெல்ட்டின் கொக்கிக்கும் எண்ணெய் விடுங்கள்.

எனக்குப் பிடித்தது சவுக்குக் கம்பு அல்லது முற்றிய மூங்கிலால் ஆன முக்காலிச் சட்டம். லேசானது, முறிந்தால் வேறு கம்பு வைத்துக்கொள்ளலாம், தவறிப் பட்ட அம்பையும் இரும்பைப் போலச் சிதைக்காது. ரப்பர் மரச் சட்டம் மலிவாகக் கிடைத்தாலும், மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் வண்டு துளைக்கும், பூஞ்சையும் பிடிக்கும். போட்டி விதிப்படி மஞ்சளின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். திண்டு 10 முதல் 15 பாகை வரை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சட்டம் செய்யும்போதே இந்த இரண்டு அளவையும் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் இலக்கே சாய்ந்துவிடுகிறது. கல் வைத்தால் போதுமா?

போதாது. கணவாய்க் காற்று காற்றாலைகளை ஓட்டும் காற்று, 90 செ.மீ. சதுரத் திண்டு அதற்கு ஒரு பாய்மரம். அம்புகள் தைத்த நிலையில் திண்டு முகம் குப்புற விழுந்தால் அத்தனை அம்பும் ஒரே நேரத்தில் போகும். சட்டத்தின் உச்சியிலிருந்து பின்பக்கமாக ஒரு கயிறும், முன்கால் இரண்டிலிருந்து ஒவ்வொரு கயிறும் இழுத்து, அரை மீட்டர் முளை அடித்துக் கட்டுங்கள். காற்றில் திண்டு விழாதபடி தரையோடு பிணைக்க வேண்டும் என்பது உலக வில்வித்தை விதியிலும் இருக்கிறது. கல்லை முன்னால் வைத்தால் தாழ்ந்த அம்பு அதில் பட்டுச் சிதறும்.

குறி தவறினால் அம்பு எங்கே போகும்? பின்னால் பழைய மீன்வலை கட்டலாமா?

மேலே தூக்கி எய்த அம்பு, லேசான வில்லிலிருந்தே நூறு மீட்டருக்கு மேல் போகும். ஆகவே திண்டுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கும் இடத்தையோ, ஆள் நடமாட்டமில்லாத நீண்ட வெளியையோ முதலில் தேடுங்கள். ரப்பர் தோட்டத்தில் அதிகாலையில் பால்வெட்ட ஆள் வருவார்கள். வயல் வரப்பில் எப்போது வேண்டுமானாலும் ஒருவர் வரலாம். வழி இருக்கும் திசையை நோக்கி எய்யவே கூடாது.

சிறுகண் மீன்வலையைப் பல மடிப்பாக, தளர்வாக, அடிப்பகுதி தரையில் புரளும்படி தொங்கவிட்டால் லேசான வில்லின் அம்பு அதில் சிக்கி வேகம் இழக்கும். இழுத்துக் கட்டிய வலையை அம்பு துளைத்துப் போய்விடும். எப்படிக் கட்டினாலும் வலை அம்பைத் தேடும் வேலையைக் குறைக்கும் என்பது மட்டுமே. அதற்குப் பின்னால் ஆள் நிற்கலாம் என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது.

மொட்டை மாடியில் பழகலாமா?

மாடிப்படி அறையின் சுவர் திண்டுக்குப் பின்னால் வரும்படி, மூன்று நான்கு மீட்டர் தொலைவில், தோள் உயரத்தில் வைத்து, தாள் ஒட்டாமல் நிலையையும் இழுப்பையும் மட்டும் பழகலாம். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரை நோக்கி எய்வதற்கு எந்தத் திண்டும் பாதுகாப்பாகாது.

18 மீட்டரில் நன்றாக நிற்கும் அம்பு, கிட்டே நின்று எய்தால் சாய்ந்து தைக்கிறது. திண்டு கெட்டுவிட்டதா?

திண்டு கெடவில்லை. நாணை விட்டதும் அம்பு வளைந்து நெளிந்தபடிதான் கிளம்பும். சில மீட்டர் போன பிறகே நேராகும். மிகக் கிட்டத்தில் அந்த நெளிவு அடங்குமுன் தைப்பதால் சாய்கிறது. வேகமும் அங்கே சற்று அதிகம். ஆகவே கிட்டத்துப் பயிற்சிதான் திண்டை மிகுதியாகத் தேய்க்கிறது. அதற்குப் பழைய பட்டைகளால் ஆன தனி அடுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகுதி மட்டும் ஓட்டையாகிவிட்டது, ஓரமெல்லாம் புதிதுபோல இருக்கிறது. முழுவதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். நாளைக்கு 60 அம்பு, வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 15,600 அம்புகள்; பழகப் பழக அவை எல்லாம் ஒரே கையகலத்தில் விழும். பட்டை அடுக்கில் நடுப்பட்டைகளை உருவி மேலும் கீழும் வைத்து, ஓரப்பட்டைகளை நடுவுக்குக் கொண்டுவந்தால் திண்டு புதிதாகும். அடுத்த முறை பட்டைகளை இடவலமாகவும் முன்பின்னாகவும் திருப்பலாம். கட்டித் திண்டு வாங்குவதானால் நடுப்பகுதியைத் தனியே கழற்றி மாற்றும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நடுத்துண்டு தனியாகக் கிடைக்குமா என்றும் கடையில் முன்பே கேளுங்கள்.

தாளை எப்போதும் நடுவிலேயே ஒட்டாதீர்கள். 40 செ.மீ. தாள் என்றால் நான்கு மூலைகளிலும் முறைவைத்து மாற்றி ஒட்டலாம். சிறிய தாள்கள் மூன்றை ஒட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு அம்பு எய்தால் திண்டும் தேயாது, அம்பில் அம்பு பட்டு உடைவதும் குறையும்.

வினாடிக்கு 400 அடி வேக அம்பையும் நிறுத்தும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா?

400 அடி என்பது வினாடிக்கு சுமார் 122 மீட்டர். உங்கள் பிள்ளையின் வில் அதில் பாதியைக்கூடத் தொடாமல் இருக்கலாம். அந்த எண் புதிய திண்டில் ஓர் அம்பை நிறுத்துவதைப் பற்றியது. ஓராண்டு கழித்து அதே இடத்தில் ஆயிரமாவது அம்பை நிறுத்துமா என்பதற்கு அதில் விடை இல்லை. நடுப்பகுதியை மாற்றலாமா, எடை எவ்வளவு, எந்த முனைக்கு ஏற்றது என்று கேளுங்கள். அகன்ற வெட்டுமுனை அம்புகளுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அவை வேட்டைக்கானவை, காட்டுயிர்களை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பயிற்சிக்குச் சாதாரணக் கூர்முனையே போதும், வெட்டுமுனை எந்த ஃபோமையும் சில நாளில் துண்டாக்கிவிடும்.

எப்போது தூக்கிப் போட வேண்டும்? எரித்துவிடலாமா?

அம்பின் முனை திண்டின் பின்பக்கம் எட்டிப் பார்க்கும் நாளில் அந்த இடத்தில் எய்வதை நிறுத்திவிடுங்கள். பட்டைகளை மாற்றி அடுக்கி, பெல்ட்டை இறுக்கிய பிறகும் முனை வெளியே வந்தால் அந்தப் பட்டைகள் முடிந்தன. இப்படிக் கழித்தவற்றில் உருக்குலையாத பாதிகளை வெட்டி, மொட்டை மாடிக் கேள்வியில் சொன்ன கிட்டத்துப் பயிற்சிக்கு அடர்த்தியாக அடுக்கிக்கொள்ளலாம்.

ஃபோமை எரிக்கக் கூடாது. அதன் புகை நச்சு. உள்ளே முறிந்த முனைகள் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, பிளாஸ்டிக் கழிவாக ஊராட்சியின் சேகரிப்பில் கொடுங்கள். வைக்கோல் திண்டையும் முனைகள் இல்லை என்று பிரித்துப் பார்த்த பிறகு தென்னையின் தடத்தில் போட்டு மக்கவிடலாம். மாட்டுக்கு மட்டும் போடாதீர்கள்.